முப்பதாவது ஆட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கஜீவனின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "நன்றி. ஜூலை 8 முதல் இரண்டாம் அணி. பெட்டகத்தைக் காலி செய்யவும்." இந்தப் பருவத்தில் இது ஆறாவது இறக்கம். முதல் தடவை ஜெனரல் மனேஜர் டேரன் நேரே கூப்பிட்டு, "நீதான் எங்கள் எதிர்காலம்" என்று பத்து நிமிஷம் பேசினார். மூன்றாவது தடவை அது இரண்டு நிமிஷமாகச் சுருங்கியது. இப்போது பழைய செய்தியையே எடுத்துத் திருப்பி அனுப்புகிறார். போன தடவை மாதத்தை மாற்ற மறந்துபோனார்.

கஜீவனுக்கு இருபத்தொரு வயது. கிரான்பர்னில் தாய் தகப்பனோடு இருக்கிறான். மெல்பேர்ண் கிளேசியர்ஸ் என்ற ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்கு விளையாடுகிறான். கழகம் இருப்பது ஆறு அணிகள் கொண்ட தேசிய உயர்தொழில்முறை லீக்கில். உயர்தொழில்முறை என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கிளேசியர்ஸ் கோல்காப்பாளர் கிழமை நாட்களில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறார். கப்டன் பல்வைத்தியர், இந்த விளையாட்டுக்கு அவர் இரண்டு விதத்திலும் பிரயோசனம். டேரனின் விசிட்டிங் கார்ட்டில் 'ஜெனரல் மனேஜர், ஹொக்கி நடவடிக்கைகள்' என்று தங்க எழுத்தில் இருக்கும். அந்த நடவடிக்கைகள் நடப்பது, பனித்தரை மெழுகும் மெசினை நிறுத்திவைக்கிற கொட்டகையின் மூலையில்.

ஆனால் லீக்கிடம் நூற்றுப்பன்னிரண்டு பக்கச் சட்டப்புத்தகம் ஒன்று இருந்தது. வட அமெரிக்காவிலிருந்து வரிக்கு வரி இறக்கியது. பனிப்புயலால் அணியின் ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று அதில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. அந்தப் புத்தகத்தின் அறுபத்துநாலாம் பக்கத்தில்தான் கஜீவனின் தலையெழுத்து இருந்தது.

விசயம் சிக்கலானதல்ல. ஒரு வீரரைப் பெரிய அணியிலிருந்து இரண்டாம் அணிக்கு இறக்குவதானால், முதலில் அவர் பெயரை நாற்பத்தெட்டு மணித்தியாலம் 'வேவர்' பட்டியலில் போடவேண்டும். மற்ற ஐந்து கழகங்களில் எதுவும் "எங்களுக்கு வேண்டும்" என்று சொல்லி ஆளை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் கேட்காவிட்டால்தான் இறக்கலாம். இளம் வீரர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. பெரிய அணியில் முப்பது ஆட்டம் ஆடும்வரை, அல்லது இருபத்தைந்து வயதாகும்வரை, அவர்களை எந்தப் பட்டியலிலும் போடாமல் மேலும் கீழுமாக அனுப்பிக்கொண்டேயிருக்கலாம். இளைஞரை வளர்க்கும் சலுகை என்று புத்தகம் சொல்கிறது. சலுகை யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் குசினி மேசையில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தவர் கஜீவனின் அம்மா சிவகௌரி. அவருக்கு ஐஸ் ஹொக்கி பிடிக்காது. மகன் விளையாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் முதியோர் இல்லமொன்றில் பதினாலு வருஷமாக ரோஸ்டர் போடுகிறவர். ஆட்களை எங்கே எப்போது நிறுத்துவது என்று சொல்லும் எந்தத் தாளைக் கண்டாலும் அவருடைய கை தானாகப் பேனையைத் தேடும்.

"பெரிய ரீமில இதுவரைக்கும் எத்தினை ஆட்டம் விளையாடினனி?"

"ட்வென்டி நைன்," என்றான் கஜீவன், குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டபடி.

"எப்ப இருபத்தொன்பதானது?"

"ஜூன் ஃபர்ஸ்ட் வீக்."

"அதுக்குப் பிறகும் ரெண்டு தரம் மேல கூப்பிட்டவங்களெல்லே?"

"ஓம். உடுப்பெல்லாம் போட்டு பெஞ்சில இருந்தன். ஐஸில இறக்கேல்ல. கோச் சொன்னவர், நான் இன்னும் ரெடி இல்லையாம்."

"மூண்டு வருஷமா ரெடியா இருந்த பிள்ளை, இருபத்தொன்பதோட ரெடி இல்லாமல் போச்சுதாமோ?"

கஜீவன் குளிர்ப்பெட்டியை மூடினான். சிவகௌரி பேனையால் ஒரு வரிக்குக் கீழே கோடு கிழித்தார். பனியில் கால் வைத்தால்தான் அது ஆட்டமாகக் கணக்கு. பெஞ்சில் இருந்தால் இல்லை.

"எங்கட இடத்திலயும் இதுதான்," என்றார். "கஷுவலா வேலை செய்யிற பிள்ளையள் நிரந்தரம் கேக்கிற மாதம் கிட்ட வரேக்கை மேலிடத்திலயிருந்து சொல்லுவினம், அவவுக்கு இந்த மாதம் ஷிப்ற் குறையுங்கோ எண்டு. நான்தான் குறைக்கிறனான். என்ர கையால."

"அப்ப நான் நல்ல பிளேயரோ, கூடாத பிளேயரோ?"

"கூடாத ஆளெண்டால் எப்பவோ முப்பதாக்கிப் பட்டியலில போட்டிருப்பாங்கள். நீ நல்லாவும் விளையாடோணும், கூப்பிட்ட நேரம் வாறதுக்குச் சும்மாவும் கிடக்கோணும். இருபத்தைஞ்சு வயது வரைக்கும்."

"இன்னும் நாலு வருஷம்."

"அதுதான் நானும் எண்ணிப் பாத்தனான்."

தகப்பன் கேதீஸ்வரன் பஸ் ஓட்டுகிறவர். வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அப்ப மனேஜரிட்டப் போய்க் கேட்டால் என்ன?" என்றார்.

"என்னத்தைக் கேக்கிறது? சட்டப்படிதானே செய்யிறான்," என்றார் சிவகௌரி. "கேட்டு நடக்காது. அவனே விளையாட விடவேண்டிய மாதிரி ஒண்டு நடக்கோணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரோவிலுக்குப் போய் சச்சிதானந்தனின் வீட்டு மணியை அடித்தார்.

சச்சிதானந்தன், விக்டோரியா தமிழர் பண்பாட்டு விளையாட்டுப் பேரவையின் இடைக்காலத் தலைவர். இடைக்காலம் தொடங்கிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அவருடைய வரவேற்பறைச் சுவர் முழுக்க, அவர் பெரிய மனிதர்களோடு நிற்கும் படங்கள். படச்சட்டத்துக்குள் அடங்காதபோது வெட்டப்பட்டவர்கள் எப்போதும் பெரிய மனிதர்களே.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அது அதிதிகளுக்கு."

சிவகௌரி மற்றக் கதிரையில் உட்கார்ந்தார். "ஒரு சின்ன விசயம் அண்ணை. வாற இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை எங்கட கஜீவனுக்கு முப்பதாவது ஆட்டம்."

"முப்பதோ?" சச்சிதானந்தன் உதட்டைப் பிதுக்கினார். "அம்பதெண்டால் யோசிக்கலாம். முப்பதுக்கு ஆர் பொன்னாடை போடுறது?"

"அதைத்தான் நானும் சிட்னிச் சங்கத்தாருக்குச் சொன்னனான்."

தேத்தண்ணிக் கோப்பை பாதிவழியில் நின்றது. "சிட்னியோ? அவை என்னத்துக்கு?"

"ஐஸ் ஹொக்கியில முப்பது ஆட்டம் கண்ட முதல் தமிழ்ப் பிள்ளையாம். மெல்பேர்ணில ஒருத்தரும் செய்யேல்லையெண்டால் தாங்கள் வந்து செய்யினமாம்."

இது முழுப்பொய். சிட்னிச் சங்கத்தாருக்கு ஐஸ் ஹொக்கி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"ஆர் கதைச்சது?"

"பேர் சொல்லக்கூடாதெண்டவர் அண்ணை."

"விளங்குது." சச்சிதானந்தன் கண்ணை இடுக்கினார். "எனக்குத் தெரியும் அது ஆரெண்டு." அப்படி ஒருவர் இல்லை என்பது அவருடைய உறுதியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. "தங்கச்சி, நீங்கள் இதை என்னட்ட விடுங்கோ. என்ர இடத்தில வந்து சிட்னிக்காரன் பொன்னாடை போடுறதோ?"

செவ்வாய்க்கிழமை போஸ்டர் வந்துவிட்டது. நம்மவர் விழாக்களில் முதலில் போஸ்டர்தான் வரும்; நடப்பது பிறகு போஸ்டருக்கேற்றபடி நடந்துகொள்ளவேண்டும். நடுவில் கோட்டுசூட்டோடு சச்சிதானந்தன். இடப்பக்க மூலையில், முத்திரை அளவில், ஹெல்மெற் போட்ட கஜீவன். 'முப்பதாவது களம் காணும் பனித்தரைச் சிறுத்தை' என்று மேலே சிவப்பு எழுத்து. முதலில் அங்கே வேறொரு மிருகம் இருந்ததாகவும், நகரசபையிலிருந்து ஆள் வராது என்று யாரோ பயமுறுத்தியதால் சிறுத்தை ஆக்கப்பட்டதாகவும் கேள்வி. நகரசபை உறுப்பினர் ஒருவர் பிரதம அதிதி. அவர்தான் பனித்தரை ரிங்க்குகளுக்குப் புதிய குளிரூட்டி வாங்கும் விண்ணப்பங்களைப் பார்க்கிறவர்.

பேரவைச் செயலாளர் இருநூற்று நாற்பது இருக்கைகள் கேட்டு கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டார். கிளேசியர்ஸ் ஆட்டத்துக்கு வழமையாக வருவது தொண்ணூறு பேர், அதில் பாதி விளையாடுகிறவர்களின் மனைவிமார். டேரன் உச்சி குளிர்ந்துபோய் அந்தப் போஸ்டரைக் கழகத்தின் பக்கத்தில் தானே போட்டார். தமிழ் அவருக்குத் தெரியாது. 'கஜீவனின் வரலாற்றுப் புகழ்மிக்க முப்பதாவது பெரிய அணி ஆட்டம்' என்ற ஆங்கில வரி, கீழே, மூன்று சாப்பாட்டுக்கடைகளுக்கும் ஒரு வீட்டுக்கடன் தரகருக்கும் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. அதை அவர் வாசித்தது வியாழக்கிழமை. நகரசபை உறுப்பினர் "வருகிறேன், மிகவும் ஆவலாக இருக்கிறேன்" என்று எழுதியது புதன்கிழமை.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பயிற்சிக்குப் பிறகு டேரன் கஜீவனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"கஜீ, உனக்குக் கால்வலி ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"முதுகு?"

"இல்லை."

"நன்றாக யோசித்துப் பார். இருபத்தொரு வயதில் சிலருக்கு முதுகு வலிக்கும்."

"எனக்கு வலிக்கவில்லை."

டேரன் பெருமூச்சு விட்டார். "சரி. நாளைக்கு மேல் அணியோடு உடுப்புப் போடு. மிச்சத்தைப் பார்ப்போம்."

மிச்சம் என்றால் பெஞ்ச். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ரிங்க் நிரம்பி வழிந்தது. குளிரென்று சொல்லியிருந்தும் பாதிப்பேர் பட்டுச்சேலை. அதற்குமேல் புருஷன்மாரின் ஜக்கெற். முதல் பகுதியில் ஆட்டம் என்னவென்று விளங்க அவர்களுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. விளங்கிய பிறகும், தரையைத் துடைக்கும் மெசின் வந்தபோதுதான் பெரிய கைதட்டல் கிடைத்தது. "எங்கட குசினிக்கும் இப்பிடி ஒண்டு வேணும்," என்றார் ஒரு அன்ரி. "உங்கட வீட்டில அதை ஓட்டுறதார்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மூன்றில் இரண்டு பகுதி முடிந்தது. பிறிஸ்பேர்ணிலிருந்து வந்த அணியோடு இரண்டுக்கு இரண்டு. கஜீவன் பெஞ்சின் ஓரத்தில் ஒருதுளி வியர்வை இல்லாமல் இருந்தான்.

"ஏனப்பா இவன் எழும்பேல்ல?" என்றார் கேதீஸ்வரன்.

"பொறுங்கோ," என்றார் சிவகௌரி. அன்று அவர் கண்ணை மூடவில்லை.

இரண்டாவது இடைவேளையில் பனிமேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். சச்சிதானந்தனுக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கப்பட்டிருந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் அவர் பேரவையின் ஆரம்பகால வரலாற்றை முடித்தார். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, 'முப்பதாவது ஆட்டம்' என்று பதினொரு தடவை சொன்னார். தோள்கவசத்தின் மேல் பொன்னாடை நிற்காமல் வழுக்கி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது செயலாளர் அதை கஜீவனின் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். பிறகு நகரசபை உறுப்பினர் அம்மையார் ஒலிவாங்கியை வாங்கினார். "முப்பதாவது ஆட்டத்தில் இவர் விளையாடுவதைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றார். சிரித்துக்கொண்டே டேரன் பக்கம் திரும்பி, "இன்னும் பார்க்கவில்லையே? நான் எப்போதாவது கண் சிமிட்டிவிட்டேனா?" என்று கேட்டார்.

ஒலிவாங்கி நிறுத்தப்படவில்லை. இருநூற்று நாற்பது பேருக்கும் கேட்டது.

"கடைசிப் பகுதிக்காக வைத்திருக்கிறோம்," என்றார் டேரன். "எங்கள் இரகசிய ஆயுதம்."

மூன்றாம் பகுதியின் இரண்டாவது நிமிஷத்தில் கஜீவன் தடுப்புச்சுவரைத் தாண்டிப் பனியில் கால் வைத்தான். முழு ரிங்க்கும் எழும்பி நின்று கத்தியது. சிவகௌரி மகனைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பதிவுகாரப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் குனிந்து தாளில் பதினேழு என்ற அவனுடைய இலக்கத்துக்கு நேரே ஒரு புள்ளடி போட்டாள்.

"போட்டாச்சு," என்றார் சிவகௌரி.

"கோலோ?" என்றார் கேதீஸ்வரன்.

"அதைவிடப் பெரிசு."

கோல் ஒன்றும் போடவில்லை. ஏழு தடவை இறங்கி, ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிஷம் ஓடினான். எதிரணியின் அடியொன்றை முழங்காலால் மறித்தான். தன்னிலும் ஒரு அடி உயரமானவனிடமிருந்து இரண்டு தடவை பந்தைப் பறித்தான். பந்தென்று நம்மவர்தான் சொன்னார்கள், அது கறுத்த தட்டு. கடைசி நிமிஷத்தில் கிளேசியர்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. பேரவை அதைக் கவனிக்காமல் வெற்றிவிழாக் கொண்டாடிவிட்டு வடையோடு வீட்டுக்குப் போனது.

திங்கட்கிழமை டேரனின் முன்னால் இரண்டு வழி இருந்தது. கஜீவனை மேலேயே வைத்திருக்கலாம். அல்லது பட்டியலில் போடலாம். கனடாவிலிருந்து முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரர் ஒருவர் அன்று விமானத்தில் வந்துகொண்டிருந்தார். முழங்காலில் பாதி இரும்பு, ஆனால் கனடா. அவருக்கு இடம் வேண்டும். சனிக்கிழமை அந்தப் பொடியன் விளையாடியதை யார் கவனித்திருக்கப்போகிறார்கள், எல்லாரும் பொன்னாடையைத்தானே பார்த்தார்கள் என்று டேரன் கணக்குப் போட்டார். காலை பத்து மணிக்கு கஜீவனின் பெயர் பட்டியலில் ஏறியது.

இனி நாற்பத்தெட்டு மணித்தியாலம். யாராவது கேட்டால் கேட்ட இடத்தில் அவனுக்கு ஒரு கதிரை உண்டு. யாரும் கேட்காவிட்டால், அவனை யாருக்கும் வேண்டாம் என்று லீக் முழுவதற்கும் எழுத்தில் தெரிந்துவிடும். பிறகு இரண்டாம் அணிதான், விலக்கும் இல்லை, சாட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு அழைப்பும் வரவில்லை. கஜீவன் தொலைபேசியைச் சோபாவில் குப்புறப் போட்டுவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கொருமுறை திருப்பிப் பார்த்தான்.

"நீங்கள் சும்மா இருந்திருக்கலாம் அம்மா," என்றான். "அட்லீஸ்ட் இவங்கள் அடிக்கடி கூப்பிட்டவங்கள்."

சிவகௌரி சோபாவில் கிடந்த தொலைபேசியை நிமிர்த்தி வைத்தார். அவன் மாடிக்குப் போனதும் கேதீஸ்வரன் மெல்லக் கேட்டார். "ஒருத்தரும் எடுக்கேல்லையெண்டால்?"

"பிழை என்னில."

"சிட்னிக்காரர் எடுத்தால், பிள்ளை அங்கயெல்லே போகோணும்?"

"போகட்டும். கேட்டு எடுக்கிற இடத்துக்குப் போறது வேற. கேக்காமல் தூக்கி வைக்கிறது வேற." பிறகு குசினிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை இன்னொரு தரம் கழுவினார்.

புதன்கிழமை ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. சிட்னி இலக்கம். கஜீவன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

"கஜீவனா? நான் ஜூன். சிட்னி பெலிகன்ஸ் கோச்," என்றது ஒரு பெண்ணின் குரல். பெயரைச் சரியாகச் சொன்னார். "இப்போதுதான் உன்னை எடுத்திருக்கிறோம். ஒன்பது மணிக்கே போட்டிருப்பேன், லீக்கின் இணையப் பக்கம் வேலை செய்யவில்லை. இரண்டு வருஷமாக உன்னைக் கேட்கிறேன். உங்கள் ஆட்கள் தரவில்லை. பட்டியலில் வராதவனை நான் எப்படி எடுப்பது? ஏன் உன்னைத் திடீரென்று போட்டார்கள்?"

கஜீவன் தாயைப் பார்த்தான். "ஒரு கலாசார நிகழ்ச்சி நடந்தது," என்றான்.

பேரவையின் வட்ஸ்அப்பில் மத்தியானமே செய்தி வந்துவிட்டது. 'எமது பேரவையின் அயராத முயற்சியால் பனித்தரைச் சிறுத்தைக்குச் சிட்னியில் உயர்பதவி.' கீழே சச்சிதானந்தனின் படம். ஆனால் அவர் தனியாக சிவகௌரிக்கு அழைப்பெடுத்தபோது குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சி, சொன்னன்தானே, அந்தச் சிட்னிக்காரன்தான் இதுக்குப் பின்னால நிண்டவன். ஆளைக் கொண்டுபோட்டான் பாத்தீங்களோ?"

"ஓம் அண்ணை," என்றார் சிவகௌரி. "உங்களுக்கு எல்லாம் முதலே தெரிஞ்சிருக்கு."

டேரனும் அழைத்தார். கஜீவனை இழந்தது கழகத்துக்குப் பேரிழப்பு என்றும், அவனைச் சுற்றித்தான் அடுத்த ஐந்து வருஷத் திட்டத்தையே போட்டிருந்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இழந்தது என்று ஆனதற்குப் பிறகு அவருக்கு அது உண்மையாகவே அப்படித் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கஜீவன் பிளாக்டவுனில் தகப்பனின் சிநேகிதர் இளங்கீரன் வீட்டில் பைகளை வைத்துவிட்டு ரிங்க்குக்குப் போனான். பெரிய ரிங்க் அல்ல. கூரையில் ஒரு இடத்தில் ஒழுகி, கீழே வாளி வைத்திருந்தார்கள். ஜூனுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைப் பலகைக்கு முன்னால் எழுதுகோலோடு நின்றார்.

"எங்கே விளையாட உனக்கு விருப்பம்?"

கஜீவன் பலகையில் வரைந்திருந்த இடங்களைப் பார்த்தான். மூன்று வருஷமாக, யாருக்குக் காயமோ அவருடைய இடத்தில் அவனை விட்டிருக்கிறார்கள். வலம், இடம், நடு, பின்வரிசை, ஒருமுறை அரைமணித்தியாலம் கோல்காப்பாளரின் உடுப்பில்கூட. விருப்பம் என்று ஒன்றை யோசித்து வைத்திருக்கவேண்டும் என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து ரயில்நிலையத்துக்கு நடக்கும்போது வீட்டுக்கு அழைத்தான்.

"வெண்டியளோ?" என்றார் சிவகௌரி.

"இல்லை. ட்ரோ. அம்மா, கோச் என்னட்ட எங்க விளையாட விருப்பமெண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"முதல் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு, இடது பக்கம் எண்டனான்."

"சத்தமாச் சொன்னனியோ?"

"ஓம்."

"அப்ப எங்க விட்டவ?"

"இடது பக்கம்தான்," என்றான் கஜீவன். ரயில் வந்தது. "நாளைக்கும் அங்கதானாம்."